முதலில் ஒரு முளைக்கீரைக் கட்டு வாங்குங்கள்

ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாகப் பாடம் எடுப்பதாகவும், வேர்ப் பாடத்தில் திணறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "வேர் என்ன செய்யும்?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "தண்ணி குடிக்கும்" என்கிறது. கேரட்டைக் காட்டினால் "காய்" என்கிறார்கள். ஒரு பெண் மட்டும் "வேருக்கு வாய் எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள், உங்களுக்குப் பதில் வரவில்லை. ஆணிவேர் (நடுவில் ஆணி போல இறங்கும் ஒற்றை வேர்), சல்லிவேர் (கொத்தாகக் கிளம்பும் மெல்லிய வேர்கள்) என்ற பெயர்களை இந்த வயதிலேயே சொல்லலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். பெயர் விஷயம் சின்னது, அதற்குக் கடைசியில் வருகிறேன். மண்ணுக்குள் மறைந்து நடக்கும் ஒரு வேலையை, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லாமல் எப்படிக் காட்டுவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் தாவரவியல் படித்தவன். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் 23 வருடம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுத்தேன். ஆகவே ஐந்து முதல் எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் என்னால் பேச முடியும். அங்கன்வாடிக் குழந்தைகள் எனக்குப் பழக்கமில்லை.

முதல் நாள் படம் வரையாதீர்கள், புத்தகத்தையும் திறக்காதீர்கள். கடைத்தெருவில் வேரோடு பிடுங்கி விற்கிற முளைக்கீரைக் கட்டு ஒன்றும், வேர் நறுக்காத கொத்தமல்லிக் கட்டு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு செடி கையில் கொடுத்தால் போதும். பிள்ளைகள் முதலில் மோந்து பார்ப்பார்கள், அப்புறம் நக நுனியால் சுரண்டுவார்கள், யாராவது ஒருவன் கடித்தும் பார்ப்பான். விடுங்கள், கீரைதானே, கழுவிக் கொடுத்தால் சரி. அடுத்து பள்ளி மைதானத்துக்குப் போய் ஆளுக்கொரு களையைப் பிடுங்கச் சொல்லுங்கள். குப்பைமேனி கொஞ்சம் முரண்டு பிடித்து ஒற்றை வேரோடு வந்துவிடும். கோரை நடுவில் அறுந்துபோகும். அருகம்புல்லை இழுக்கும்போது பிள்ளையே பின்னால் விழும். "ஏன் வரமாட்டேங்குது?" என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும். வேரின் முதல் வேலை செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதைக் கை தெரிந்துகொண்டுவிட்டது, நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அருகம்புல்லைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். கல்யாண வீட்டில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிறோம். தரையோடு தரையாக ஓடும் அந்த நீளக் கொடி வேர் அல்ல, தண்டு. அதன் ஒவ்வொரு கணுவிலும் ஒரு கொத்து வேர் இறங்கியிருக்கும். ஓரிடத்தில் பிடுங்கினாலும் அடுத்த கணு பிழைத்துக்கொள்ளும். வாழ்த்துச் சொன்னவர்கள் புல்லை நன்றாகக் கவனித்தவர்கள்தான்.

இரண்டாவது, வேர் வளர்வதைக் காட்ட வேண்டும். பிடுங்கிய வேரில் அது தெரியாது. வளர்கிற வேரைப் பார்த்த பிள்ளைக்குத்தான் அது உயிருள்ள உறுப்பு என்று புரியும். கண்ணாடி டம்ளர் ஒன்று, இல்லாவிட்டால் மேல்பாதியை வெட்டி எடுத்த தண்ணீர் பாட்டில். உள்ளே பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரவு முழுக்க ஊறிய தட்டைப்பயறு நாலைந்தைச் செருகுங்கள். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், இரண்டாம் நாளே கூழாகிப் பயறு கீழே சரிந்துவிடும். அடியில் அரை அங்குலம் தண்ணீர் போதும். பயறு தண்ணீருக்குள் முங்கினால் அழுகி நாறும். ஒரு பயறை நேராக, ஒன்றைத் தலைகீழாக, ஒன்றைப் படுக்கையாக வைத்துவிட்டு, வேர் எந்தப் பக்கம் போகும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். இரண்டு நாளில் எல்லாப் பயறிலிருந்தும் வெள்ளையாக ஒரு முனை வரும், எப்படி வைத்திருந்தாலும் வளைந்து கீழேதான் போகும். இலைக்கு முன்னால் வேர் வருவதை அப்போது கவனிக்கச் சொல்லுங்கள். வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் டம்ளரைப் படுக்க வைத்தால், மறுநாள் நுனி மட்டும் மறுபடி கீழ்நோக்கி மடங்கியிருக்கும்.

ஏன் கீழே போகிறது என்று கேட்பார்கள். வேர் நுனியில் உள்ள செல்களுக்குள் கனமான மாவுத் துகள்கள் உண்டு. அவை எந்தப் பக்கம் படிகின்றனவோ அது கீழ்ப்பக்கம் என்று வேர் எடுத்துக்கொள்கிறது. நுனியை நறுக்கிவிட்டால் வேர் வளைவதில்லை என்பதை சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து 1880-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். இது உங்களுக்கு. பிள்ளைகளிடம், "நுனிதான் கீழ் எது மேல் எது என்று கண்டுபிடிக்கிறது" என்பது போதும், அது பொய்யும் இல்லை.

இப்போது வாய். அந்தப் பெண்ணின் கேள்வி பாடப் புத்தகத்தைவிடக் கூர்மையானது. ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் கடுகைத் தூவி மூடி வையுங்கள். மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொரு குட்டி வேரைச் சுற்றியும் வெள்ளைப் பஞ்சு போல ஒன்று படர்ந்திருக்கும். முதல் தடவை இதைச் செய்தபோது பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்து முழுத் தட்டையும் குப்பையில் கொட்டினேன். அதுதான் வேர்த்தூவி! அந்த வருடம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முக்கியமான ஒன்றை நானே கொட்டிவிட்டேன். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். நுனி வெறுமையாக இருக்கும், அதற்குச் சற்று மேலேதான் பஞ்சு ஆரம்பிக்கும், சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். தண்ணீர் தெளித்தால் படிந்து மறைந்துவிடும், ஈரம் வடிந்தால் திரும்பத் தெரியும். பூஞ்சணமாக இருந்தால் விதைத்தோல், துணி என்று கண்டபடி படரும், மோந்தால் தெரியும்.

வேருக்கு வாய் கிடையாது, இந்தத் தூவிகளின் தோல் வழியாகவே தண்ணீர் உள்ளே போகிறது என்று அவளிடம் சொல்லுங்கள். தோல் வழியாக எப்படி என்று கேட்டால், பாயசத்துக்கு வாங்கும் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு மறுநாள் காட்டுங்கள். திராட்சை உப்பியிருக்கும். அதற்கு வாய் உண்டா? இந்த ஒப்புமை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே காரியம் நடக்கிறது. பெரிய வகுப்பில் அதே பிள்ளை சவ்வூடுபரவல், அதாவது மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் ஊடுருவுவதைப் பற்றிப் படிக்கும்போது நாம் சொன்னதை அழித்துவிட்டுப் படிக்க வேண்டியிருக்காது.

தூவிகள் எவ்வளவு இருக்கும் என்று எட்டு வயதுக்காரர்கள் கேட்டால் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. 1937-இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், ரை என்ற தானியச் செடி ஒன்றை ஒரு மரப்பெட்டியில் நாலு மாதம் வளர்த்து, வேரைக் கழுவி அளந்தார். தூவிகளைச் சேர்க்காமல், வேர்களை மட்டும் நீட்டி வைத்தாலே 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. சென்னையில் ஒரு நுனியை வைத்தால் மறு நுனி திருநெல்வேலிப் பக்கம் போய்விடும். தூவிகளின் எண்ணிக்கையை 1,400 கோடி என்று கணக்கிட்டார். எங்கள் மூன்றாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன அன்று ஒரு பையன் புல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சரி, "வேர் தண்ணி குடிக்கும்" என்பதை அப்படியே விடலாமா? விடலாம். "வேர் சாப்பிடும்" என்பதை மட்டும் விடாதீர்கள். செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்ற நினைப்பு கல்லூரிவரை கூட வருவதைப் பார்த்திருக்கிறேன். உரத்தை நாமே "செடிக்குச் சாப்பாடு" என்கிறோம், அப்புறம் பிள்ளையைக் குறை சொல்லி என்ன? நான் வகுப்பில் சமையல்கட்டை வைத்துச் சொல்வேன். அடுப்பு மேலே இலையில் இருக்கிறது, வெயில்தான் நெருப்பு. உலைத் தண்ணீரையும் துளி உப்பையும் கீழேயிருந்து வேர் அனுப்புகிறது. சோறு இலையில் வேகிறது, அதில் ஒரு பங்கு வேருக்கும் இறங்கி வருகிறது. காற்றிலிருந்தும் ஒரு பொருள் சேர்கிறது என்பதை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிடலாம், மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்பாத பெரியவர்களுக்கு வான் ஹெல்மான்டின் கதை உண்டு. இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்தவர், அவருடைய எழுத்து 1648-இல், அவர் இறந்த பிறகு வெளியானது. காய்ந்த மண் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ எடுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடம் கழித்து மரம் 169 பவுண்டு. மண்ணைக் காய வைத்து நிறுத்தால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ், ஒரு கைப்பிடி கூட இல்லை. எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தது பாதிதான் சரி, காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் மண்ணைத் தின்னவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தண்ணீர் குடிப்பதைக் காட்ட எல்லாரும் செய்வது சிவப்பு மைச் சோதனை. ஒரு எச்சரிக்கை. வெள்ளைப் பூவை நறுக்கி மைத் தண்ணீரில் வைத்தால் பூ சிவக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஆனால் அங்கே வேரே இல்லை. அது தண்டின் குழாயைக் காட்டுகிறது. காசித்தும்பையை வேரோடு பிடுங்கி வைத்தாலும், பிடுங்கியதில் அறுந்த வேர் வழியாகத்தான் பெரும்பாலும் மை ஏறுகிறது. முழு வேர் சாயத்தை வடிகட்டி வெளியே நிறுத்தப் பார்க்கும். தண்டுப் பாடத்துக்கு அந்தச் சோதனை அருமை. வேருக்கு நான் செய்வது இது. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றில் வேர் கழுவிய காசித்தும்பை, இன்னொன்றில் செடி இல்லை. இரண்டிலும் மேலே ஒரு கரண்டி எண்ணெய், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க. பேனாவால் கோடு போட்டு ஜன்னலோரம் வையுங்கள். மறுநாள் செடி உள்ள டம்ளரில் மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீரை இழுப்பதில் பெரும்பங்கு இலைகளுடையது என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போகக் கீழேயிருந்து மேலே ஏறுகிறது. வேர் பம்புசெட் மாதிரி தள்ளி ஏற்றுகிறது என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளுவதும் உண்டு. காலையில் நெல் நாற்றின் நுனியில் முத்துப் போல நிற்கும் துளி, பனி என்று நாம் நினைப்பது, பல நேரம் வேர் தள்ளி அனுப்பிய தண்ணீர்தான்.

கேரட்டுக்கு வருவோம். சமையலறை இந்தப் பாடத்துக்கு நல்ல இடம், ஆனால் அங்கேதான் குழப்பமும். கேரட், முள்ளங்கி, பீட்ரூட், சர்க்கரைவள்ளி, மரவள்ளி இவை வேர்கள். பீட்ரூட்டின் மேல்பகுதி தண்டைச் சேர்ந்தது என்று தாவரவியல் சொல்லும், பிள்ளைகளிடம் அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். உருளைக்கிழங்கு, இஞ்சி, மஞ்சள், சேனை எல்லாம் தண்டு. இஞ்சியில் கரும்பு மாதிரி கணு தெரியும், உருளைக்கிழங்கில் கண் இருக்கும். வெங்காயத்தில் நாம் சாப்பிடுவது இலையின் அடிப்பாகம். அதன் அடியில் தாடி மாதிரி தொங்குவதுதான் வேர். நிலக்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் அது காய். பூ உதிர்ந்தபின் ஒரு காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கிறது. "மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் இல்லை" என்ற ஒன்றை மட்டும் ஆறு வயதுக்குச் சொன்னால் போதும், பட்டியல் மனப்பாடம் வேண்டாம். கேரட் எதற்குக் குண்டாகிறது என்பதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் குதிர் என்பேன். இலை சமைத்ததில் மிச்சத்தைச் செடி வேரில் சேர்த்து வைக்கிறது, பூக்கும் காலத்துக்குச் செலவழிக்க. பிடுங்காமல் விட்டு முற்றிப் பூத்த முள்ளங்கி ஒன்று கிடைத்தால் நறுக்கிக் காட்டுங்கள், உள்ளே சக்கையாக இருக்கும்.

நிலக்கடலையோ தட்டைப்பயறோ பயிரிடும் ஊர் என்றால் ஒரு மாதத்துக்கு மேலான செடி ஒன்றைக் கவனமாகத் தோண்டி எடுத்து வேரைக் கழுவுங்கள். வேரெல்லாம் குருணை குருணையாக உருண்டை ஒட்டியிருக்கும். "டீச்சர், செடிக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள் ஒருத்தி. அந்த ஊரில் ஆணாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும் டீச்சர்தான். பெரிய உருண்டை ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினேன், உள்ளே இளஞ்சிவப்பு. வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. அந்தச் சிவப்புக்குக் காரணமான பொருள் நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுமுறை. உருண்டைக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தருகிறது. பிள்ளைகளிடம், "உள்ளே நல்ல கிருமிகள் வாடகைக்கு இருக்கின்றன, வாடகை உரம்" என்றேன்.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் ஒன்று, வேர் மூச்சு விடுகிறது என்பது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு செத்த மிளகாய்ச் செடி. வகுப்பு வாசலில் தொட்டியில் வைத்திருந்தோம். வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைப் பாசத்தோடு அதில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறது. பத்து நாளில் இலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினார்கள். கடைசியில் செடியைக் கவிழ்த்தபோது சாக்கடை வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிக் கிடந்தது, இரண்டு விரலால் உருவினால் மேல்தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் நிறைந்த மண்ணில் காற்றுக்கு இடமில்லை, வேர் மூச்சு முட்டிச் செத்தது. உடனே ஒரு விவசாயி மகன் கேட்டான், "அப்ப நெல்லு ஏன் சாவல?" நெல்லின் உடம்புக்குள் இலையிலிருந்து வேர்வரை காற்றுப் போகும் வழிகள் உண்டு. தாமரைத் தண்டை நறுக்கினால் அதே மாதிரி துளைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிச்சாவரம் போகிறவர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அவை மூச்சு விடுவதற்காக வெளியே வந்த வேர்கள்.

எங்கள் பக்கம் 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு வேர்ப் பாடம் மாறிப்போனது. தென்னைகள் தூரோடு சாய்ந்து கிடந்தன. "தென்னைக்கு வேரே இல்லையா டீச்சர்?" என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தோம். ஆணிவேர் கிடையாது, அடித்தூரிலிருந்து கயிறு கயிறாக வேர்கள். காற்றின் வேகம், மண்ணின் ஈரம், மரத்தின் வயது எல்லாம் சேர்ந்து நடந்ததை வேரின் தலையில் மட்டும் போட முடியாது என்றுதான் அன்று சொன்னேன். அப்புறம் அடையாறு ஆலமரத்தின் படத்தைக் காட்டினேன். 1989-இல் புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது, விழுதுகள் ஊன்றி வளர்ந்தவை இன்னும் நிற்கின்றன.

உங்களுக்கு வரப்போகும் சில கதைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரம் எவ்வளவு உயரமோ வேர் அவ்வளவு ஆழம் என்று கண்ணாடியில் கவிழ்த்தது போலப் படம் போடுவார்கள், தவறு. பெரும்பாலான மரங்களில் வேரின் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது, பக்கவாட்டில் நிழலையும் தாண்டி ஓடும். வேர்களோடு பூஞ்சைகள் சேர்ந்து வாழ்ந்து சத்துக்களைக் கொண்டுவந்து தருகின்றன என்பது உறுதியான விஷயம். அந்தப் பூஞ்சை வலை வழியாகத் தாய்மரம் குட்டி மரங்களுக்குச் சோறு ஊட்டுகிறது, பேசிக்கொள்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது. பாடமாகச் சொல்ல வேண்டாம்.

பெயர்களுக்கு இப்போது வரலாம். ஆணிவேர், சல்லிவேர் இரண்டும் சொல்லலாம், நல்ல தமிழ்ப் பெயர்கள், பார்த்தாலே புரியும். நான் செய்தது, பிடுங்கிய செடிகளைப் பிள்ளைகளையே இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லி, அவர்களே பெயர் வைத்தபிறகு புத்தகப் பெயரைச் சொன்னது. ஒரு வருடம் "முள்ளங்கிக் கட்சி, தாடிக் கட்சி" என்று பிரித்தார்கள். தேர்வில் இரண்டு பேர் அதையே எழுதினார்கள், மதிப்பெண் போட்டேன். இந்த முறையில் படித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறார்களா என்று நான் அளந்து பார்த்ததில்லை, பள்ளியைவிட்டுப் போனபிறகும் சிலர் வெங்காயத்தாடியைப் பற்றிப் பேசுவார்கள் என்பது மட்டும் தெரியும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால்: வெங்காயத்தை அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி டம்ளர் வாயில் உட்கார வையுங்கள், மூன்று நாலு நாளில் வெள்ளை வேர் இறங்கிவிடும். கேரட்டின் தலையை நறுக்கித் தட்டில் வைத்தால் இலைதான் வரும், புதுக் கேரட் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளை ஏமாந்துபோகும். பள்ளியில் செய்வதானால் பயறை ஞாயிறு இரவு வீட்டில் ஊறப்போட்டுத் திங்கள் காலை எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் சனி ஞாயிறு தண்ணீர் விட ஆளில்லாமல் துணி காய்ந்து, திங்கட்கிழமை முப்பது பிள்ளைகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.